என் லேப்டாப்பில் சரியாகத்தான் ஓடியது

நவ. 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். சம்பா நட்டு இருபது நாள்தான், வயலில் தண்ணீர் நிற்கிறது. அப்பா மண்வெட்டியோடு ஆறு மணிக்கே போய்விட்டார்.

பத்தே காலுக்கு மெயில். சென்னைக் கம்பெனி. குப்பை மெயில் என்று நினைத்து அழிக்கப் போனேன். நல்லவேளை. நானும் யாஸ்மினும் ஜோடியாகப் போட்ட விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறதாம். இரண்டு இடம், ஒரு புரோகிராமர், ஒரு ஓவியர். ஏழு நாளில் ஒரு சின்ன கேம் செய்து அனுப்ப வேண்டும். தலைப்பு: நீர். வேறு விதி எதுவும் இல்லை.

இரண்டு வருடத்தில் மொத்தம் ஒன்பது கம்பெனிக்கு எழுதினோம். எட்டு பேர் பதிலே போடவில்லை. இது ஒன்பதாவது.

யாஸுக்கு போன். காரைக்காலில் அவள் வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம். "ஏய், சும்மா சொல்லாத. சத்தியமாவா? சத்தியமாவா?" நான்கு வருடம் கல்லூரியில் ஒரே பெஞ்சு, இன்னும் நான் சொல்வதை இரண்டு தடவை கேட்டால்தான் நம்புவாள். அவள் படம் வரைவாள், நான் கோடு, அதாவது புரோகிராம், எழுதுவேன். அவளிடம் கம்ப்யூட்டர் கிடையாது, போனில் விரலால்தான் வரைகிறாள். என்னிடம் பிளஸ் டூ முடித்தபோது கிடைத்த லேப்டாப். ஆறு வருடப் பழசு. பேட்டரி செத்து மூன்று வருடம்.

மதியம் வீட்டில் சொன்னேன்.

அம்மா: "கேம்னா, வெளையாடுறதுக்கா சம்பளம் தர்றாங்க?"

"வெளையாடுறது இல்லம்மா. அதைச் செய்யிறது."

அப்பா கை கழுவிக்கொண்டே, "ரம்மி கம்பெனியா?" என்றார். மேலத்தெருவில் ஒருத்தர் போனில் ரம்மி ஆடி வயலை விட்டதிலிருந்து அப்பாவுக்கு எந்த கேமும் ரம்மிதான்.

"ரம்மி இல்லப்பா."

"காசு வச்சு ஆடறதா?"

"இல்லப்பா."

"அப்ப அவனுக்குக் காசு எங்கேருந்து வருது?"

நியாயமான கேள்வி.

நவ. 5, புதன்

மழை விட்டு விட்டு.

நீர். யோசித்தவை:
- படகுப் போட்டி (எல்லோரும் செய்வார்கள்)
- மீன் பிடிப்பது (எல்லோரும்)
- வெள்ளத்திலிருந்து வயலைக் காப்பாற்றுவது (அப்பா பார்த்தால் எழுந்து போய்விடுவார்)
- குழாயடிச் சண்டை (யாஸ் சொன்னது. செமையாக இருக்கும். ஏழு நாளில் செய்ய எனக்குத் தெரியாது)

சாயங்காலம் தோன்றியது. சனி, ஞாயிறு நான் கவுண்டரில் உட்காரும் லாட்ஜ் திருநள்ளாறில் குளத்துக்குப் பக்கம். சனி தோஷம் கழிய வருகிறவர்கள் நல்லெண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு, உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். வேட்டி, சுடிதார், குழந்தைச் சட்டை. துப்புரவு ஆட்கள் அள்ள அள்ள வந்துகொண்டே இருக்கும். கொக்கி மாட்டிய நீளக் கழியால் தண்ணீரில் மிதப்பதை இழுத்துப் போடுவார்கள். அதுதான் கேம். துணி மிதந்து வரும், மூழ்குவதற்குள் கொக்கியால் இழுக்க வேண்டும். குளம் நிரம்பினால் தோற்றாய்.

யாஸ் உடனே பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு ஆளு மாதிரி மெதக்கணும்டி. வேட்டின்னா பரப்பிக்கிட்டு. சுடிதார்னா சுருண்டுக்கிட்டு."

இதுவரை இப்படி ஒரு கேம் யாரும் செய்திருக்க மாட்டார்கள். தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

நவ. 6, வியாழன்

கோடு. கழி திரும்புகிறது. துணி மிதக்கிறது.

ஒரு எரிச்சல். பாடம் எடுக்கும் வீடியோவில் அந்த ஆள் எல்லா நகர்வையும் நேரத்தால் பெருக்கச் சொல்கிறார். பெருக்கினால் நான் வைத்த எண்கள் எல்லாம் கெட்டுப்போகின்றன. மறுபடி முதலிலிருந்து. பெருக்குவதை எடுத்துவிட்டேன், அது இல்லாமலே நன்றாகத்தான் போகிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு முறை கரண்ட் போனது. பேட்டரி இல்லாத லேப்டாப் பட்டென்று அணையும். இரண்டு வரிக்கு ஒரு தடவை சேமிக்கக் கை பழகிவிட்டது.

நவ. 8, சனி

லாட்ஜ். காலை ஆறிலிருந்து இரண்டு வரை. கூட்டம்.

கவுண்டரில் கேட்டவை:
"கொளம் எந்தப் பக்கம் தம்பி, ஓ... மன்னிச்சுக்கம்மா."
"ரூமு ரெண்டு மணி நேரத்துக்குக் குடுக்க மாட்டீங்களா? குளிச்சிட்டு நாங்க பாட்டுக்குப் போயிடுவோம்."
"புதுத்துணிய விட்டாலும் தோஷம் போவுமா? பழசு எடுத்தாரல."

கடைசி ஆள் கோயம்புத்தூர்க்காரர். முகம் அவ்வளவு சோகமாக இருந்தது, போகும் என்று நானே சொல்லிவிட்டேன். எனக்கு என்ன தெரியும்.

இடைவேளையில் குளத்துப் படிக்குப் போய்ப் பார்த்தேன். ஈரமானதும் துணி உடனே மூழ்குவதில்லை. கொஞ்ச நேரம் காற்றைப் பிடித்துக்கொண்டு உப்பி நிற்கிறது. குறித்துக்கொண்டேன்.

மேனேஜர்: "டிசம்பர் ஒண்ணுலேருந்து டெய்லி வந்துடுங்கம்மா. ரெகுலர் ஆக்கிடறேன். மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க, இல்லன்னா வேற ஆளு பாக்கணும்." நல்ல மனிதர். சென்னை கிடைக்காவிட்டால் இந்தக் கவுண்டர்தான். தினமும், குளம் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டு.

நவ. 9, ஞாயிறு

ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரிவரை எண்களோடு மல்லுக்கட்டு.

துணி வேகம்: 3 (ஆமை). 12 (பேய்). 9. 8. 7. ஏழுதான். ஏழில் வேட்டி நிஜமாகவே மிதக்கிறது.
கழி வேகம்: 4.
மூழ்கும் நேரம்: 150.

அம்மா பின்னால் நின்று பார்த்தார். "அந்த மஞ்ச புடவைய விட்டுட்டியே, எடு எடு." எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "நல்லாருக்குடி, நெசமா நல்லாருக்கு." இரண்டு வருடத்தில் என் வேலையைப் பார்த்து அம்மா சொன்ன முதல் நல்ல வார்த்தை.

நவ. 11, செவ்வாய்

கடைசி நாள். பலத்த மழை. எங்கள் ஊரில் சிக்னல் ஒரு கோடு. லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை உரச்சாக்கில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ். யாஸ் வீட்டு வைஃபையில் ஏற்ற நாற்பது நிமிடம். அவள் உம்மா இடியாப்பம் வைத்தார், எங்கள் இருவருக்கும் இறங்கவில்லை.

யாஸ்: "வேற கம்ப்யூட்டர்ல ஒரு தடவ ஓட்டிப் பாக்கணுமா?"

நான்: "எதுக்கு? இதுல ஓடுதுல்ல."

4.52க்கு அனுப்பியாயிற்று. ஐந்து மணிதான் கெடு.

நவ. 14, வெள்ளி

வந்துவிட்டது!! திங்கள் பதினோரு மணி, வீடியோ நேர்காணல், இருவருக்கும் ஒன்றாக.

அப்பா கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்துவிட்டு, "சென்னையில மழ அதிகம்மா. மாடி ரூமா பாத்துக்க," என்றார். அப்பாவின் அகராதியில் இது வாழ்த்து. குளியலறைக்குள் போய் அழுதேன்.

நவ. 17, திங்கள்

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றி நினைத்துக்கொள்வேன்.

யாஸ் வீட்டு மாடி அறை. அவள் போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து இருவரும் ஒட்டி உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் டீம் லீட், முப்பத்தைந்து வயதிருக்கும், டீ ஷர்ட், நல்ல தமிழ். கூட ஒரு எச்ஆர் மேடம், கேமரா போடவில்லை.

அவர்: "ஐடியா பிரமாதம். எங்கேருந்து வந்துச்சு?" சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். பிறகு, "நான் ஆடறேன், நீங்க பேசுங்க," என்று தன் திரையைக் காட்டினார்.

ஆரம்பம் அழுத்தினார். துணிகள் மிதக்கவில்லை, பறந்தன. விருட் விருட்டென்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. கழி மின்விசிறியாகச் சுற்றியது. மூன்றே நொடி. குளம் நிரம்பியது, ஆட்டம் முடிந்தது.

அவர் சிரித்துவிட்டார். கேலி இல்லை, நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி ஆடினார். மறுபடி. "ஐயோ ஒண்ணு புடிச்சிட்டேன்!" எச்ஆர் மேடமும் சிரிக்கிற சத்தம்.

"இது வேணும்னே பண்ணதா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "ஆமா சார். சனிக்கிழமை கூட்டம் அப்படித்தான் இருக்கும். அந்த ஃபீல் வரட்டும்னு."

அதே நேரத்தில் யாஸ் சொன்னாள்: "இல்ல சார், எங்ககிட்ட மெதுவா அழகா போவும்."

இரண்டு பேர் சொன்னதும் அவர் காதில் விழுந்துவிட்டது. கீழே தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

"எது கரெக்ட்டுங்க?" என்றார்.

"என் லேப்டாப்புல சரியாத்தான் சார் ஓடுச்சு."

"சரி. கோடைக் காட்டுங்க." காட்டினேன். அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். "இந்தத் தப்பு நானும் பண்ணியிருக்கேன். எல்லாரும் பண்றதுதான். அது பரவால்ல," என்றார். அதற்குப் பிறகு என்னைக் கேள்வி கேட்கவில்லை. யாஸிடம் அவள் துணி வரைந்த விதம் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

அந்த "அது" பரவாயில்லை. எது பரவாயில்லாமல் போயிற்று என்று எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு வரை யாஸ் கூட வந்தாள். "நீ அப்படிச் சொல்லப் போறேன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

நவ. 18, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. மழையும் இல்லை.

நவ. 19, புதன்

என்ன நடந்தது என்று எனக்கே நான் ஒரு முறை விளக்கிக்கொள்கிறேன்.

கேம் என்பது வரிசையாகப் படங்களைத் திரையில் போடுவது. ஒவ்வொரு படத்துக்கும் துணியை ஏழு புள்ளி நகர்த்து என்று எழுதியிருக்கிறேன். என் லேப்டாப் நொடிக்கு இருபது படம் போடுவதற்கே மூச்சு வாங்கும். அவர்கள் மெஷின் இருநூறு போடும். அவ்வளவுதான். அதே துணி பத்து மடங்கு வேகம். படத்தைக் கணக்கில் வைக்காமல் நேரத்தைக் கணக்கில் வைத்து எழுதியிருந்தால் எந்த மெஷினிலும் ஒரே வேகம் வரும். அந்த வீடியோ ஆள் பெருக்கச் சொன்னது இதற்குத்தான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்தது நான்.

நல்ல கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தப்பு முதல் நாளே தெரிந்துவிடும். எனக்கு ஒரே ஒரு மெஷின். அது சொன்னதுதான் உலகம்.

யாஸ் மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அவள் வாயை மூடியிருந்தால் போதும். ஒரே ஒரு நிமிடம்.

நவ. 21, வெள்ளி

யாஸுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு இல்லை.

என் மெயில் நான்கு வரி. "தற்போதைக்கு." "வருங்காலத்தில்." "வாழ்த்துகள்."

மூன்று மணிக்கு அவளே வந்துவிட்டாள், ஸ்கூட்டியில், புர்காவெல்லாம் சேறு. அம்மா விஷயம் தெரியாமல், "வாம்மா யாஸ்மினு, ரெண்டு பேருக்கும் கெடச்சிடுச்சா?" என்று கேட்டார். யாஸ் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார், டீ போட வெகு நேரம் ஆனது.

"நான் போவல," என்றாள்.

"போவாம?"

"ஜோடியாத்தானே போட்டோம்."

"லூசு மாதிரி பேசாத. உங்க வாப்பா சரின்னுட்டாரா?"

"அண்ணன் பெரம்பூர்லதானே இருக்கான், அவன் வூட்லேருந்து போய்ட்டு வான்னு சொல்லிட்டாரு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை. "எம்மேல கோவமா?"

"ஆமா," என்றேன். பொய் சொல்லி ஒரு வேலை போனது போதும். "நீ நெசத்த சொன்னதுக்குக் கோவம். தப்பு ஒம்மேல இல்லன்னு தெரியும். ஆனா கோவம்."

"சரி. கோவப்படு," என்றாள். டீயைக் குடித்துவிட்டுப் போனாள். போன பிறகு கோபம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி பொறாமை. எழுதி வைக்கிறேன், யாரும் பார்க்கப் போவதில்லை.

நவ. 23, ஞாயிறு

ஷிப்ட் முடித்து வந்து கோடைத் திறந்தேன். பதினோரு இடத்தில் பெருக்க வேண்டும். எண்களை எல்லாம் மறுபடி வைக்க வேண்டும். ஐந்து மணி நேரம். அன்றைக்கு நான் செலவழிக்க மறுத்தது இந்த ஐந்து மணி நேரத்தைத்தான்.

இந்த லேப்டாப்பில் ஓட்டினால் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஒரு வித்தியாசமும் இல்லை.

நவ. 26, புதன்

டீம் லீடுக்கு மெயில் அனுப்பினேன், அனுப்பியதை யாஸுக்கும் சொன்னேன். மூன்று நாளாக எழுதி அழித்து எழுதியது. "அன்று கேட்டதற்கு நான் சொன்னது உண்மையில்லை. பயத்தில் சொல்லிவிட்டேன். தப்பைச் சரிசெய்து இணைத்திருக்கிறேன். நேரம் கிடைத்தால் ஒரு முறை பாருங்கள்."

அப்பா வயலிலிருந்து வந்து, "அந்தாளு என்ன சொன்னாரு?" என்று கேட்டார். இன்றைக்குத்தான் அனுப்பினேன் என்றேன். "ம்," என்றார். மூன்று வாரமாக அவர் வாயில் ரம்மி என்ற சொல்லே வரவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

நவ. 27, வியாழன்

பதில் இல்லை.

நவ. 28, வெள்ளி

இல்லை. புயல் எச்சரிக்கை என்று டிவியில். அம்மா விறகை உள்ளே எடுத்து வைத்தார்.

நவ. 30, ஞாயிறு

இரண்டு நாள் விடாத மழை, காற்று. கரண்ட் நேற்று போனது, இன்று மதியம்தான் வந்தது. லாட்ஜில் பாதி ரூம் காலி. குளிக்க வந்தவர்கள் மழையிலேயே நனைந்து நின்றார்கள்.

மேனேஜரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். "நல்லதும்மா. ஒங்க மாதிரி படிச்ச புள்ள கவுண்டர்ல இருந்தா ஒரு மரியாத," என்றார்.

யாஸ் இன்று ரயில். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை, ஷிப்ட் என்று சொன்னேன். ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. ரயில் ராத்திரிதான்.

டிச. 1, திங்கள்

ரெகுலர். ஆறு முதல் இரண்டு. வாரம் முழுக்க.

டிச. 3, புதன்

யாஸ் போன். ஒரு மணி நேரம். ஆபீஸில் ஏசி குளிராம், ஸ்வெட்டர் வேண்டுமாம். முதல்முறையாகக் கம்ப்யூட்டரில் பேனா வைத்து வரைகிறாளாம். சந்தோஷமாக இருக்கிறாள், என்னிடம் அதைக் காட்டக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள். பாவம்.

பிறகு சொன்னாள். "ஒண்ணு சொல்லட்டுமா, தப்பா எடுத்துக்காத. நம்ம கேமை இங்க எல்லாரும் ஆடுறாங்கடி. லஞ்ச்ல. யாரு அதிகமாத் துணி புடிக்கிறதுன்னு போட்டி. ஒருத்தன் அஞ்சு புடிச்சிட்டான், ஒரே கூச்சல்."

"சரி பண்ணதா?"

"இல்லடி. அந்தப் பழசு."

அதில் என் வேலை என்ன இருக்கிறது. அது என் தப்பு மட்டும்தான்.

"சரி பண்ணதை சார் இன்னும் தொறக்கல, நான் கேட்டேன். மெயில் நெறைய வருமாம், அதுல எங்க கெடக்குன்னே தெரியலயாம். திங்கக்கெழம என் சீட்டுக்கு வர்றேன்னிருக்காரு, அங்கேயே போட்டுக் காட்டுன்னாரு, நீ எனக்கு ஒண்ணு அனுப்பிடு. அந்தப் புரோகிராமர் இடம் இன்னும் காலியாத்தான் இருக்குடி. நல்லா இருந்தா திரும்பக் கூப்புடுவேன்னு அவரு வாயாலயே சொன்னாரு."

இரண்டு தடவை கேட்டேன். சத்தியமாவா, சத்தியமாவா.

டிச. 4, வியாழன்

கவுண்டரில் நாள் முழுக்க நல்ல மூடு. ஒரு ஈரோட்டு அம்மாவுக்குக் குளம் வரைக்கும் நானே கூடப் போய் வழி காட்டினேன்.

ஒரு சந்தேகம். என் லேப்டாப்பில் பழசும் புதுசும் ஒரே மாதிரிதான். வேகமான மெஷினில் சரியாகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை அவர் முன்னால் மறுபடி பறந்தால்? அன்றைக்கு யாஸ் கேட்டபோது எதுக்கு என்று சொன்னவள் நான்.

காரைக்காலில் கேமிங் சென்டர் ஒன்று இருக்கிறதாம், நல்ல மெஷின்களாம். நாளை ஷிப்ட் முடிந்து போக வேண்டும். பென் டிரைவ் எடுத்து வைத்தாயிற்று.

டிச. 5, வெள்ளி

வெயில். எத்தனை நாளாயிற்று.

மாடிப்படி, கறுப்புக் கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு. காலேஜ் பையன்கள் ஆறேழு பேர், எல்லோரும் துப்பாக்கி கேம். "அண்ணே பின்னாடி பின்னாடி!" "செத்தான்டா!" நான் நுழைந்ததும் சத்தம் கொஞ்சம் அடங்கி, பிறகு பழையபடி. நடத்துகிறவர் என் வயதுதான். ஒரு மணி நேரத்துக்குக் கேட்டேன். கடைசி சீட். பென் டிரைவைப் போடலாமா என்று கேட்டேன், வைரஸ் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஓட்டினேன். பறக்கவில்லை. என் லேப்டாப்பில் ஏழு வைத்தபோது இருந்த அதே வேகம். வேட்டி பரப்பிக்கொண்டு, சுடிதார் சுருண்டுகொண்டு, குளம் முழுக்க எண்ணெய் மினுக்கு. யாஸ் வரைந்தது இவ்வளவு அழகு என்று எனக்கே இன்றுதான் தெரிகிறது, என் திரையில் எல்லாம் வெளுத்துத்தான் தெரியும். கைதட்டலாம் போல இருந்தது.

ஆடினேன். ஒரு வேட்டி எடுத்தேன். ஒரு புடவை. இன்னொரு வேட்டி. எதுவும் மூழ்கவில்லை. மூழ்கவே விடவில்லை நான், பார்த்ததும் எடுத்துவிட முடிகிறது. அடுத்தது வரக் காத்திருந்தேன். வந்தது. எடுத்தேன்.

ஏன் இப்படி என்று முதலில் புரியவில்லை. வேகம் அதேதான். பிறகு புரிந்தது. என் லேப்டாப்பில் பட்டனை அழுத்தினால் கழி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அந்த ஒரு கணத்துக்குள் துணி தப்பிவிடும். அம்மா எடு எடு என்று கத்தியதும், எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதும் அதனால்தான். லேப்டாப் திணறியதைத்தான் ஆட்டம் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மெஷினில் கழி சொன்ன உடனே திரும்புகிறது. அதற்குப் பிறகு அங்கே ஒன்றுமே இல்லை. நான் செய்த கேமில் கேம் இல்லை.

நடத்துகிறவர் அந்தப் பக்கம் வந்தவர் என் திரையைப் பார்த்து நின்றார்.

"என்னாங்க, லோடு ஆவலையா?"

"ஆயிடுச்சுங்க."

"ஒண்ணும் நடக்கலையே?"

"ஆடிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

அவர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். ஒரு புடவை வந்தது, எடுத்தேன். "ஓ," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். போய்விட்டார்.

மூன்று வாரமாக யாஸைத் திட்டினேன், லேப்டாப்பைத் திட்டினேன், ஒரு வரியைத் திட்டினேன், சொன்ன பொய்யைத் திட்டினேன். அதில் ஏதாவது ஒன்று காரணமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருத்தியிருக்கலாம்.

மீதி நாற்பது நிமிடம் இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம். யாஸுக்கு எழுதினேன்: "திங்கக்கெழம அதைக் காட்டாத. நெட்டுல கோளாறு, ஃபைல் வரலன்னு சொல்லிடு."

பார்த்துவிட்டாள். போன் அடிக்கிறது. எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறது.